மகள் பன்றி மரபியல் படிக்கலாமா? ஒரு தந்தைக்குப் பதில்

வணக்கம் சார். உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் தெரிகின்றன. பி.வி.எஸ்சி. (கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு) முடிக்கப்போகிற மகள், மேற்படிப்பான எம்.வி.எஸ்சி.யில் கால்நடை மரபியல் எடுத்து, பன்றிகளின் வெப்பம் தாங்கும் திறனை ஆராயப்போவதாகச் சொல்கிறாள். அதற்கு வேலை கிடைக்குமா என்பது ஒன்று. சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு, "விஞ்ஞானிக்குப் படிக்கிறாள்" என்று சொல்லுங்கள். முக்கால்வாசிப் பேர் அதற்கு மேல் கேட்கமாட்டார்கள்.

முதல் கேள்விக்கு வருவோம். பன்றிக்கு நம்மைப்போல வியர்த்து உடம்பு குளிராது. வெயில் ஏறினால் அது தீனியைக் குறைத்துவிடும். ஏனென்றால், தின்றால் செரிக்கும்போது உடம்புச் சூடு இன்னும் கூடும். தீனி குறைந்தால் எடை ஏறாது, குட்டி போட்ட தாய்க்குப் பால் வற்றும், அடுத்த சினையும் தள்ளிப்போகும். கொழுப்பில்லாத கறிக்காகப் பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த யார்க்ஷயர், லேண்ட்ரேஸ் இனங்கள் வேகமாக வளர்வதால் அவற்றின் உடம்பே அதிகச் சூட்டை உண்டாக்குகிறது. நாட்டுப் பன்றி வெயிலைத் தாங்கும், ஆனால் மெதுவாக வளரும்.

சிக்கல் இங்கேதான். சூடு ஏறாத பன்றியைத் தேடிப் பொறுக்கினால், பல நேரம் குறைவாகத் தின்கிற பன்றிதான் கையில் சிக்கும். நன்றாகத் தின்று வளர்ந்தும் சூடேறாத குடும்பங்களைப் பிரித்தெடுப்பதே இந்தத் துறையின் சவால். பிரான்ஸ் அரசின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான இன்ரே, ஒரே ஆண் பன்றிகளுக்குப் பிறந்த குட்டிகளில் ஒரு பகுதியைக் குளிரான பிரான்ஸிலும் மறு பகுதியைக் கரீபியக் கடலில் உள்ள குவாதலூப் தீவிலும் வளர்த்துப் பார்த்தது. சில குடும்பங்கள் இரண்டு இடத்திலும் தாக்குப்பிடித்தன. சில, வெப்பத்தில் பின்தங்கின.

இதை ஒற்றை மரபணு தீர்மானிப்பதில்லை. பன்றிகளை அதிர்ச்சியில் சாகடித்த ஆர்.ஒய்.ஆர்.1 கோளாறு வேறு மாதிரி, அதற்கு ஒரே மரபணுதான் காரணம். அந்த மரபணுவின் டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து மாற்றம், அவ்வளவுதான். 1991-ல் கண்டுபிடித்தார்கள், டி.என்.ஏ. சோதனை வந்தது, மந்தைகளிலிருந்து நீக்க வழி பிறந்தது. வெப்பம் தாங்குவதில் பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போடுகின்றன. அதனால் அன்றாட வேலை பெரும்பாலும் கணினியில், புள்ளியியலோடுதான். உங்கள் மகளுக்குக் கணக்கு பிடிக்குமா? இதை அவளிடம் முதலில் கேளுங்கள். பிடிக்காது என்றால் நானே வேண்டாம் என்பேன்.

பிடிக்கும் என்றால் பயம் வேண்டாம். இதே கணக்கு முறைகள்தான் மாட்டுக்கும் கோழிக்கும்; பன்றியில் ஆரம்பித்தவர் பன்றியிலேயே முடங்க வேண்டியதில்லை. பி.ஐ.சி., டோபிக்ஸ் நார்ஸ்வின் போன்ற பன்னாட்டு இனவிருத்தி நிறுவனங்கள் மரபியலாளர்களை வேலைக்கு எடுக்கின்றன. இந்தியாவில் குவாஹாட்டி அருகே ராணியில் தேசியப் பன்றி ஆராய்ச்சி மையமும், கர்னாலில் கால்நடை மரபு வளங்களுக்கான தேசியப் பணியகமும் உண்டு. ஆனால் அரசு விஞ்ஞானிப் பணியிடங்கள் சொற்பம், அந்தப் பணிக்கான ஏ.ஆர்.எஸ். (வேளாண் ஆராய்ச்சிப் பணி) தேர்வுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அதனால் பி.வி.எஸ்சி. முடித்த கையோடு தமிழ்நாடு மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்துவிடச் சொல்லுங்கள். ஆராய்ச்சி கைகொடுக்காவிட்டாலும் டி.என்.பி.எஸ்.சி. வழியாகக் கால்நடை உதவி மருத்துவர் பணிக்குப் போகும் கதவு திறந்தே இருக்கும்.

வெளியூர் என்று தயங்கினால், செங்கல்பட்டு மாவட்டம் காட்டுப்பாக்கத்தில் தானுவாஸின் (தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம்) பன்றிப் பண்ணை இருக்கிறது. அங்கே உருவாக்கியதுதான் 'தானுவாஸ் கே.பி.எம். கோல்டு' ரகம். சேரும் முன் அனுமதி வாங்கி, மே மாத மதியத்தில் அவள் அங்கே ஒரு வாரம் நின்று பார்க்கட்டும். வாசனையும் வெயிலும் ஒத்துவருமா என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

மற்றவர்கள் சொல்லாத ஒன்று: 2020-ல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அசாமில் நுழைந்தது. நோய் வந்தால் பண்ணையில் உள்ள பன்றிகளையெல்லாம் அழித்துவிடுவார்கள். பாதியில் நிற்கும் ஆய்வும் அதோடு போகும். ஆகவே வழிகாட்டிப் பேராசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது, ஏற்கெனவே சேகரித்த தரவு கையில் இருக்கிறதா, மரபணுச் சோதனைக்கு நிதி ஒதுக்கியாகிவிட்டதா, கடைசியாகப் படித்த மாணவர் இப்போது எங்கே வேலை செய்கிறார் என்று நேரடியாகக் கேட்கச் சொல்லுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு பேராசிரியரைப் பார்க்கட்டும்.