பாராட்டினால் பெருமை வந்துவிடுமா?

கேள்வி: எங்கள் சபையில் ஒரு தம்பி மூன்று வருடமாக ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்துவந்தான். கிறிஸ்துமஸ் நாடகத்தில் பிள்ளைகள் வசனத்தை மறந்து திணறிவிட்டார்கள். அதற்காகக் கமிட்டிக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவனைக் கண்டித்தார்கள். அன்றிலிருந்து அவன் பள்ளிப் பக்கம் வருவதில்லை. ஆராதனைக்கு வந்தாலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறுமுன்பே எழுந்து போய்விடுகிறான். அவனிடம் நாலு வார்த்தை பேச ஆசை. என் கணவரோ, "மனுஷனைத் தூக்கி வைத்தால் பெருமைதான் வரும், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்கிறார். எனக்கும் கோர்வையாகப் பேச வராது. என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு ஸ்தோத்திரம்.

முதலில் உங்கள் வீட்டுக்காரர் சொன்னதைப் பார்த்துவிடுவோம். அவர் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆளுயர பேனர், சால்வை, மைக்கில் அடைமொழி எல்லாம் சபைக்குள்ளும் வந்துவிட்டன. அதைப் பார்த்துச் சலித்தவர் அப்படித்தான் பேசுவார். ஆனால் ஆசீர்வாதத்துக்குக்கூட நிற்க முடியாமல் எழுந்துபோகிற பையனுக்குப் பெருமை வந்துவிடுமே என்று கவலைப்படுவது, பட்டினி கிடப்பவனுக்குச் சர்க்கரை வியாதி வந்துவிடுமே என்று சோற்றை மறைப்பதைப் போலத்தான்.

மேன்மைபாராட்டுகிறவன் கர்த்தரைக்குறித்தே மேன்மைபாராட்டட்டும் என்று எழுதியவர் பவுல். அதே பவுல் ரோமர் 16-ஆம் அதிகாரத்தில் பேர் பேராக எடுத்துச் சொல்லி வாழ்த்துகிறார். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் என் பிராணனுக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுத்தவர்கள் என்கிறார். பெர்சியாள் கர்த்தருக்குள் மிகவும் பிரயாசப்பட்டவள் என்கிறார். யார் என்ன செய்தார் என்பது எழுத்தில் இருக்கிறது. அடைமொழி அதிகம் இல்லை. இந்தப் பகுதியை உங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் ஒருநாள் வாசித்துப் பாருங்கள். வாதம் எதுவும் வேண்டாம், வாசித்தால் போதும்.

உங்கள் விஷயத்துக்கு நெருக்கமான ஆள் என்றால் பர்னபாதான். சவுல் (பின்னாளில் பவுல் ஆனவர்தான்) மனந்திரும்பி எருசலேமுக்கு வந்தபோது சீஷர்கள் யாரும் நம்பவில்லை. பயந்தார்கள். பயப்படாமல் என்ன செய்வார்கள், நேற்றுவரை வீடு வீடாக நுழைந்து ஆட்களைச் சிறைக்கு இழுத்தவர் அல்லவா! பர்னபா அவரை அழைத்துக்கொண்டு அப்போஸ்தலரிடம் போனார். "நல்ல பையன், சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று பொத்தாம்பொதுவாகப் பேசவில்லை. வழியில் கர்த்தரைக் கண்டதையும், தமஸ்குவில் தைரியமாகப் பிரசங்கித்ததையும் விவரமாகச் சொன்னார். தன் நல்ல பேரைப் பணயம் வைத்துத்தான் சொன்னார். பிறகு அந்தியோகியாவில் வேலை பெருகியதும் தர்சுவுக்கே போய்ச் சவுலைத் தேடிக் கூட்டிவந்தார்.

மாற்கு கதையும் தெரிந்ததுதானே. பம்பிலியாவிலுள்ள பெர்கேயில் ஊழியத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவன். அடுத்த பயணத்துக்கு அவன் வேண்டவே வேண்டாம் என்றார் பவுல். பர்னபா விடவில்லை. கடுங்கோபம் மூண்டு இரண்டு பேரும் பிரிந்தே போனார்கள். மாற்கு பர்னபாவுக்கு உறவு. சொந்தக்காரன் என்பதால் பரிகிறார் என்று அன்றைக்கும் யாராவது முணுமுணுத்திருக்கக்கூடும். பர்னபா அவனைக் கூட்டிக்கொண்டு சீப்புருதீவுக்குக் கப்பல் ஏறினார். வருடங்கள் கழித்து அதே பவுல், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். பவுல் மாற்குவின்மேல் கோபப்பட்டது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி ஒருவர் கோபப்படும்போது, பக்கத்தில் நிற்க இன்னொருவர் வேண்டும். உங்கள் சபையில் அந்த இடம் காலியாக இருக்கிறது.

சரி, எப்படிப் பேசுவது? 1 தெசலோனிக்கேயர் 5:14-ஐப் பாருங்கள்: ஒழுங்கில்லாதவர்களுக்குப் புத்திசொல்லுங்கள், திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள். ஆளுக்குத் தக்க மருந்து. நம் சபைகளில் மூன்று பேருக்கும் புத்திமதிதான் கிடைக்கிறது. இந்தத் தம்பி ஒழுங்கில்லாதவன் அல்ல, திடனற்றுப்போனவன். அதனால் "சோர்ந்துபோகாதே தம்பி, சோதனை எல்லாருக்கும் வரும்" என்று ஆரம்பிக்காதீர்கள். மனதுக்கமுள்ளவனிடம் பாட்டுப் பாடுவது குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைவதைப் போன்றது என்று நீதிமொழிகளே சொல்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு வசனப் படமும் கும்பிடுகிற கையும் அனுப்பிவிட்டு முடித்துக்கொள்வதும் வேண்டாம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ்ப் படுத்துச் சாவைக் கேட்டபோது தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பி, எழுந்திருந்து போஜனம்பண்ணு என்றான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தயாராக இருந்தன. கண்டிப்பு இல்லை. சாப்பிட்டுப் படுத்தவரை மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், அவ்வளவுதான். ஒரு ஞாயிறு மதியம் அவனைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். மீன் குழம்பு பேசுகிற அளவுக்கு நீங்கள் பேசவேண்டியதில்லை.

பேசும்போது நீங்கள் கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். "நீ ரொம்ப நல்லா பாடம் எடுப்பே" என்றால் அவன் நம்பமாட்டான். "உன் வகுப்புக்கு வந்த பிறகுதான் எங்கள் தெருச் சின்னவன் தானாக வேதத்தை எடுத்து வாசித்தான்" என்று நடந்த ஒன்றைச் சொன்னால் தட்டிக்கழிக்க முடியாது. பேச வரவில்லையா, எழுதிக் கொடுங்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 87 வயதில், தன் கடைசி நாட்களில், 1791 பிப்ரவரி 24-ஆம் தேதி பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்போர்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார்: அடிமை வியாபாரத்துக்கு எதிரான வேலையில் சோர்ந்துபோகாதே என்று. ஆறு நாளில் வெஸ்லி இறந்துவிட்டார். அந்த ஏப்ரலில் வில்பர்போர்ஸின் அடிமை வியாபார ஒழிப்பு மசோதா நாடாளுமன்றத்தில் தோற்றது. வியாபாரத்தைத் தடை செய்யும் சட்டம் வர 1807 ஆயிற்று. ஆகவே உங்கள் சாப்பாட்டுக்கு அடுத்த ஞாயிறே அவன் வகுப்பில் நிற்பான் என்று எதிர்பார்க்காதீர்கள். வராவிட்டாலும் திரும்பக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. அவனிடம் தனியாகப் பேசினால் மட்டும் போதாது. எல்லார் முன்னாலும் விழுந்த அடி அது. உங்கள் சபைப் போதகர் ஐயரிடம் போய், மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு அவன் பேரையும் சேர்க்கச் சொல்லுங்கள். "நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறேன்" என்று உங்கள் பேரையும் கொடுங்கள். கமிட்டியில் கண்டித்தவர் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் இன்னும் நல்லது; அதை ஐயரே அவரிடம் கேட்கட்டும், நீங்கள் கேட்டால் சண்டையாகிவிடும். ஆசிரியர் பட்டியல் போடுவதற்கு முன்பே போய்ப் பேசிவிடுங்கள். பட்டியல் ஒட்டிய பிறகு ஒரு பேரைச் சேர்ப்பது எந்தச் சபையிலும் லேசான காரியம் இல்லை.