‘கிஃப்ட்’ ஒரே சொல்தான், ‘ஹாபென்’ உறவில்லை

வணக்கம். எலிமருந்துப் பெட்டியில் ‘கிஃப்ட்’ என்று ஜெர்மனில் அச்சிட்டிருந்ததைக் கண்டு, ஆங்கிலத்தில் பரிசு எனப் பொருள்படும் சொல்லோடு அது தற்செயலாக ஒத்துப்போகிறதா என்று கேட்டிருந்தீர்கள். தற்செயல் அல்ல, இரண்டும் ‘கொடு’ என்னும் பொருளுடைய ஒரே ஜெர்மானிய வேரில் பிறந்தவை. பழைய ஜெர்மனிலும் அச்சொல் கொடையையே குறித்தது. ஆனால், ‘கொடுப்பது’ என்ற பொருளில் தொடங்கி மருந்தின் அளவைக் குறிக்கலான ‘தோசிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் தாக்கத்தால், உள்ளே கொடுக்கப்படும் நஞ்சையும் அது இடக்கரடக்கலாகக் குறிக்கத் தொடங்கி, நாளடைவில் அப்பொருளே நிலைத்துவிட்டது. மணப்பெண்ணுக்குக் கொடுத்தனுப்பும் சீரைக் குறிக்கும் ‘மிட்கிஃப்ட்’ இன்றும் பழைய பொருளோடு வழங்குகிறது. நஞ்சைக் குறிக்கும் சொல் அஃறிணைப் பாலாக மாறிய பின்பும், இது பழைய பெண்பாலை விடாமல் வைத்திருப்பதை அகராதியில் பாருங்கள், அழகான தடயம் அது. சுவீடிய மொழியிலோ அதே எழுத்துகள் நஞ்சையும் குறிக்கும், ‘மணமான’ என்றும் பொருள்படும்.

நீங்கள் ஒரே சொல் என்று குறித்துவைத்திருக்கும் ஜெர்மன் ‘ஹாபென்’, இலத்தீன் ‘ஹபேரே’ இணைதான் உண்மையில் உறவற்றது, இரண்டுக்கும் ‘உடைத்தாயிரு’ என்பதே பொருளாயினும். இலத்தீன் ‘க’கரம் ஜெர்மானிய மொழிகளில் ‘ஹ’கரமாக ஒலிக்கும் என்ற கிரிம் விதிப்படி, ‘ஹாபென்’ என்பதன் உடன்பிறப்பு ‘பிடி’ எனப் பொருள்படும் ‘கபேரே’. ‘ஹபேரே’யின் உறவோ ‘கொடு’ எனப் பொருள்படும் ஜெர்மன் ‘கேபென்’. அதாவது, உங்கள் எலிமருந்துப் பெட்டியில் இருந்த அதே வேர்.