வாசகர் கேள்வி பதில்: பிள்ளை பெறாதது யார் குற்றம்?

மாலதி, தேவகோட்டை: நூறு வருஷத்துக்கு முன்பே ஆஸ்திரேலியாவில் பிறப்பு குறைகிறதென்று விசாரணைக் கமிஷன் போட்டார்களாமே, உண்மையா? அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஏழெட்டு இருந்திருக்குமே!

உண்மைதான். ஏழெட்டு இருந்ததும் உண்மை. 1870களில் கல்யாணம் ஆன பெண்கள் அங்கே சராசரியாக ஏழு பிள்ளை பெற்றார்கள். 1860களில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு நாற்பதுக்கு மேல் பிறப்பு என்று இருந்த கணக்கு, 1880களுக்குப் பிறகு சரியத் தொடங்கி, 1900களின் தொடக்கத்தில் 26 பக்கம் வந்து நின்றது. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசின் புள்ளிவிவர அதிகாரி திமதி காக்லன் இதையெல்லாம் கூட்டிக் கழித்து, 1903இல் ஒரு சிறு நூலாகப் போட்டார். இது உடம்புக் கோளாறு இல்லை, தம்பதிகள் தெரிந்தேதான் குறைத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் முடிவு.

அவ்வளவுதான், அரசாங்கத்துக்குத் தூக்கம் போய்விட்டது. அதே ஆண்டு கமிஷன் போட்டார்கள். தலைவர் சார்ல்ஸ் மெக்கெல்லர், டாக்டராக இருந்து அரசியலுக்கு வந்தவர். உறுப்பினர்களில் ஆக்டேவியஸ் பீல் என்ற பியானோ உற்பத்தியாளர்கூட உண்டு. பியானோ செய்கிறவருக்கும் பிரசவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைக் கேட்காதீர்கள். பிள்ளை பெறுவதைப் பற்றி விசாரித்த அந்தக் கமிஷனில் ஒரு பெண்கூட உறுப்பினர் இல்லை.

1904இல் அறிக்கை வந்தது. பெண்களுக்குச் சொகுசு ஆசை வந்துவிட்டது, பிரசவ வலியும் பிள்ளை வளர்க்கும் தொல்லையும் வேண்டாம் என்று நினைக்கிறார்கள், சுயநலம், என்று போகிறது அது. கணவன்மார் எல்லாம் அப்பாவிகள் போலிருக்கிறது.

செந்தில்குமார், நாமக்கல்: சரி, அப்படியானால் உண்மையான காரணம்தான் என்ன?

ஒற்றைக் காரணம் கிடையாது. ஆனால் நான் முதலில் கை வைப்பது பள்ளிக்கூடத்தின் மேல். பண்ணை வீட்டில் பத்து வயதுப் பையன் என்றால் மாடு கறக்க, வேலி கட்ட ஒரு ஆள். கூலி கொடுக்க வேண்டாம். விக்டோரியா 1872இலும், நியூ சவுத் வேல்ஸ் 1880இலும் கட்டாயக் கல்விச் சட்டம் கொண்டுவந்த பிறகு அந்த ஆள் வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டான். அவனுக்குச் செருப்பு, சட்டை, புத்தகம் எல்லாம் அப்பா பணத்தில். சிட்னி, மெல்பர்ன் மாதிரி நகரங்களில் வாடகை வீட்டில் இருப்பவருக்கோ பிள்ளை முதல் நாளிலிருந்தே செலவுதான்.

அப்புறம் 1890களின் பொருளாதார வீழ்ச்சி. 1893இல் வங்கிகள் வரிசையாகக் கதவைச் சாத்தின, சேமிப்பு முடங்கியது, வேலை போனது. கல்யாணத்தையே இளைஞர்கள் தள்ளிப்போட்டார்கள். தள்ளிப்போன கல்யாணத்தில் பிள்ளையும் குறைவு, இதற்குக் கமிஷன் தேவையில்லை.

இன்னொரு வேடிக்கை. 1907இல் நீதிபதி ஹிக்கின்ஸ், ஒரு தொழிலாளிக்கு நியாயமான சம்பளம் எவ்வளவு என்று தீர்ப்பு எழுதினார். நாளுக்கு 7 ஷில்லிங் (20 ஷில்லிங் ஒரு பவுண்ட்). அதற்கு அவர் போட்ட குடும்பக் கணக்கு ஏறக்குறைய ஐந்து பேர், அதாவது புருஷன், மனைவி, மூன்று பிள்ளைகள். நாலாவது பிள்ளைக்கு அந்தச் சம்பளத்தில் கஞ்சி இல்லை. இதைத்தான் வீட்டுக்கு வீடு பெண்கள் முன்பே கணக்குப் போட்டிருந்தார்கள்.

பெயர் வேண்டாம், கோவை: மாத்திரை, காப்பர்-டி எதுவும் இல்லாத காலத்தில் எப்படிச் சமாளித்தார்கள்?

பெரும்பாலும் கணவன் கட்டுப்பாடாக இருந்து, கடைசி நேரத்தில் விலகிக்கொள்வது. ரப்பர் உறை வந்திருந்தது. கடற்பஞ்சு, கொய்னா சேர்த்த மருந்து என்று பெண்களுக்கான வழிகளும் இருந்தன. எதுவும் பலிக்காதபோது கருக்கலைப்பு. அதில் செத்தவர்கள் உண்டு.

இந்த இடத்தில் ஒரு பெண்ணைச் சொல்லாமல் போக மனமில்லை. பிரெட்டினா ஸ்மித். வடக்கு மெல்பர்னில் கடை வைத்திருந்த விதவை, ஆறடி உயரம். கடையில் கருத்தடைச் சாதனம் விற்றார், பெண்களை மட்டும் கூட்டி வைத்து உடம்பைப் பற்றிப் பேசினார், 1893இல் புத்தகமும் போட்டார். பியானோக்காரருக்குப் பதில் இவரைக் கமிஷனில் போட்டிருக்கலாம் என்று தோன்றும், ஆனால் 1898லேயே இறந்துவிட்டார்.

ரங்கநாதன், அடையாறு: நம் அன்னி பெசன்ட் அம்மையாருக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டு என்று நண்பர் சொல்கிறார். நம்பலாமா?

தாராளமாக. அடையாறு வருவதற்கு முன் அவர் இங்கிலாந்தில் நாத்திகர். கருத்தடை பற்றிய பழைய நூல் ஒன்றை மறுபதிப்புச் செய்ததற்காக 1877இல் இன்னொரு நாத்திகரான சார்ல்ஸ் பிராட்லாவுடன் சேர்ந்து வழக்கைச் சந்தித்தவர். அதையும் நாத்திகத்தையும் காட்டியே மகளை வளர்க்கும் உரிமையை அவரிடமிருந்து நீதிமன்றம் பறித்தது. அந்தச் சூட்டில் அவரே மக்கள்தொகை பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதை விற்றதற்காகச் சிட்னி புத்தக வியாபாரி ஒருவர் தண்டிக்கப்பட்டபோது, 1888இல் நீதிபதி விண்டேயர் இது ஆபாசமே இல்லை என்று தண்டனையை ரத்து செய்தார். அப்போது பிரிட்டிஷ் காலனியாக இருந்த இடத்தின் நீதிமன்றத்தில் வந்த துணிச்சலான தீர்ப்பு அது. மூன்றே வருடத்தில், பிரம்மஞானத்துக்கு (தியாசபி) மாறியிருந்த பெசன்ட் தன் நூலைத் தானே விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டார். நீதிபதி காப்பாற்றிய நூலை ஆசிரியர் கைவிட்டார்.

ஃபாத்திமா, காயல்பட்டினம்: கமிஷனுக்குப் பிறகு பிறப்பு கூடியதா?

எங்கே கூடியது! 1912இல் குழந்தை பெற்றால் 5 பவுண்ட் என்று அரசு அறிவித்தது, ஹிக்கின்ஸ் கணக்கில் இரண்டு வாரச் சம்பளத்துக்குக் கொஞ்சம் மேல். கல்யாணம் ஆகாத தாய்க்கும் உண்டு, அதற்கு அப்போதே பெரிய எதிர்ப்பு. ஆனால் ஆசியப் பெண்களுக்கும் அந்த மண்ணின் பழங்குடிப் பெண்களுக்கும் கிடையாது. நாடு காலியாகிறது என்று புலம்பியவர்கள்தான் 1901இலேயே வெள்ளையர் அல்லாதோர் குடியேறுவதைத் தடுக்கச் சட்டம் போட்டிருந்தார்கள். அவர்களுக்குக் குழந்தை வேண்டும், ஆனால் வெள்ளைக் குழந்தை வேண்டும்.

1930களின் நடுவில் பிறப்பு ஆயிரத்துக்கு 17க்கும் கீழே போனது. 1944இல் மறுபடி ஒரு விசாரணை. இந்த முறை ஒரு புத்திசாலித்தனம் செய்தார்கள்: ஏன் பெறவில்லை என்று நீங்களே எழுதுங்கள் எனப் பெண்களைக் கேட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்து குவிந்தன. வீடு கிடைக்கவில்லை, பணம் போதவில்லை, பிரசவத்தின்போது வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, வேலையில்லாத் திண்டாட்ட நாட்களை மறக்க முடியவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள்.