இசைக்குழுவுக்கு 15,000 வெள்ளிக்குள் பழைய வண்டி: அல்சாவா, ஜன்னல் வேனா?

ஐந்து பேர் கொண்ட மெல்லிசைக் குழு, 15,000 வெள்ளி (ரிங்கிட்) கையிருப்பு, ஏழு இருக்கையுள்ள பழைய பெரோடுவா அல்சாவா, நிசான் வேனெட் ஜன்னல் வேனா என்ற குழப்பம். உங்கள் கேள்வி அவ்வளவுதான் என்றால் "வேன்" என்று ஒரு சொல்லில் முடித்திருப்பேன். ஆனால் "வேனில் போய் இறங்கினால் கல்யாண வீட்டார் மதிப்பார்களா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் வார நாட்களில் வேலைக்குப் போய், சனி ஞாயிறுகளில் வாசிப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன். பினாங்கில் நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான். அப்படியானால் நள்ளிரவில் மண்டபத்தை விட்டுக் கிளம்பி, மறுநாள் காலை வேலைக்குப் போகிற உடம்பு உங்களுடையது. வண்டியை அந்த உடம்புக்காகத் தேர்ந்தெடுங்கள். கல்யாண வீட்டார் பார்ப்பது நீங்கள் சொன்ன நேரத்துக்கு வந்தீர்களா, மாப்பிள்ளை நுழையும்போது ஒலி சரியாக இருந்ததா என்பதைத்தான். நீங்கள் எதில் வந்தீர்கள் என்று வாகன நிறுத்துமிடத்துக்கு வந்து யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

எங்கள் குழு பெருநிலத்தில், புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறது. நான் கீபோர்டு, சித்தப்பா மகன் டிரம்ஸ். முதலில் வாடகை லோரிதான் வைத்திருந்தோம். சாமான்களை இறக்கிவிட்டு அடுத்த வாடகைக்குப் போய்விடும் லோரி, விருந்து முடிந்து மேடையைக் கழற்றிய பிறகும் திரும்பி வராது. மணப்பெண் வீட்டார் கதவைப் பூட்டிக்கொண்டு போன பின்னும் நாங்கள் ஸ்பீக்கர்களுக்குக் காவல் இருந்திருக்கிறோம். சொந்த வண்டி வாங்குவது என்று முடிவானது அப்படித்தான்.

பிறையில் ஒரு பழைய வண்டிக் கடைக்குப் போகும்போது, எங்களிடம் இருந்த பெட்டிகளிலேயே பெரியதை, 18 அங்குல சப்வூஃபரை (அடித்தொனி ஸ்பீக்கரை), நண்பரின் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போனேன். நீளமான கீபோர்டு உறையும் டிரம்ஸின் 22 அங்குல பேஸ் டிரம்மும் கூடவே வந்தன. அளவுகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. கதவின் வாய் ஓர் அளவு, உள்ளே சக்கர மேடு விட்டுவைக்கிற இடம் வேறு அளவு. கடைக்காரத் தவுக்கே முதலில் ஓர் ஏழு இருக்கை வண்டியைத்தான் காட்டினார். சுத்தமான வண்டி, குளிர்சாதனம் அருமை. பெட்டியைச் சாய்த்தால்தான் உள்ளே போனது. அது போன பிறகு பேஸ் டிரம்முக்கு இடமில்லை. கீபோர்டை முன் இருக்கைகளுக்கு நடுவே நீட்ட வேண்டியிருந்தது. தவுக்கேயே பெட்டியின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். அதற்கப்புறம் அந்த வண்டியைப் பற்றி அவர் பேசவில்லை. கடையின் பின்வரிசையில் நின்ற வேனெட்டிடம் அழைத்துப் போனார்.

அதில் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. அதனால் பின்னால் உள்ள நீளம் முழுவதும் நமக்கு. பெட்டி நிமிர்ந்தபடியே ஏறியது. பக்கக் கதவு நகரும் கதவு என்பதால் நெருக்கமான நிறுத்துமிடத்திலும் திறக்கலாம். பின்கதவு மேல்நோக்கித் திறக்கிறது, மழையில் சாமான் இறக்கும்போது அதுவே கூரை. நடு இருக்கை வரிசையை வைத்துக்கொண்டால் ஐந்து பேரும் சாமானும் ஒரே வண்டியில் போகலாம்.

எடையையும் யோசியுங்கள். ஏழு இருக்கை வண்டி என்பது ஏழு பேரைச் சுமக்கத்தான். ஆளுக்கு 65 கிலோ என்றால் 455 கிலோ. உங்கள் ஐந்து பேருக்கே 325 கிலோ போய்விடும். மீதியில் ஸ்பீக்கர், மிக்சர், ஆம்ப்ளிஃபயர், கம்பி மூட்டை எல்லாம் அடங்குமா என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

முன்பக்கம் குட்டையாக இருக்கும் பழைய வேன் விபத்தில் பாதுகாப்பில்லை, இதைப் போய்ப் பரிந்துரைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பாதுகாப்பு மட்டுமே கணக்கு என்றால் காற்றுப்பை உள்ள புதிய வண்டிதான் மேல், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கைக்காசுக்கு அது வராது. தவிர, கட்டப்படாத ஸ்பீக்கர் தலைக்குப் பின்னால் இருந்தால் எந்த வண்டியும் ஆபத்துதான். சாமானை இறுக்கிக் கட்டும் ராட்செட் பட்டைக்குச் செலவு செய்யுங்கள், வேனை மெதுவாக ஓட்டுங்கள். நான் வேன் விற்பவன் இல்லை, எனக்கு இதில் தரகும் இல்லை.

லோரியே வாங்கிவிடலாம் என்றும் யாராவது சொல்வார்கள். பின்னால் இரட்டைச் சக்கரம், மொத்தம் ஆறு சக்கரம் என்றால் டோலில் இரண்டாம் வகுப்பு. நான்கு சக்கர வேன் காரைப்போல முதல் வகுப்பு. பினாங்குப் பாலத்தில் தீவுக்குப் போகும்போது மட்டும்தான் டோல், இருந்தாலும் வாராவாரம் கடப்பவருக்கு அது பணம்தான்.

பாலம் என்றதும் வயிறு எரிகிறது. 2021 ஜனவரி 1 முதல் பெருநிலத்திலிருந்து தீவுக்குப் போகும் பட்டர்வொர்த் படகில் கார், வேன் எதையும் ஏற்றுவதில்லை. முன்பெல்லாம் சாமானோடு படகில் ஏறி, காற்றில் சட்டையை உலர்த்திக்கொண்டு, அன்றைய பாட்டு வரிசையைப் பேசி முடித்து இறங்குவோம். நேரே ஜார்ஜ் டவுன். இப்போது தைப்பூச சமயத்தில் தண்ணீர்மலைப் பக்கம் நிகழ்ச்சி என்றால் பாலத்தின் நெரிசலில் நிற்பதைத் தவிர வழியில்லை. 2014இல் திறந்த இரண்டாவது பாலம் பத்து காவானிலிருந்து தீவின் தென்கிழக்குப் பக்கம் போகிறது, எங்களுக்குச் சுற்று. தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே பிழைக்கிற சின்னத் தொழிலாளிகளை யாரும் கேட்கவே இல்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சரி, வேனுக்கு வருகிறேன். பதிவு ஆவணத்தை முதலில் கேளுங்கள். சரக்கு வாகனமாகப் பதிவான, பின்னால் ஜன்னலில்லாத பேனல் வேன் என்றால் அதன் விதிகள் வேறு; உங்களுக்குத் தனியார் பதிவுள்ள ஜன்னல் வேன்தான் வேண்டும். இருக்கைகளை நிரந்தரமாகக் கழற்ற நினைத்தால் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி தேவை. பெயர் மாற்றத்துக்கு முன் புஸ்பாகோம் போன்ற வாகனச் சோதனை மையத்தில் சோதனை இருக்கிறது. அதை மட்டும் நம்பாமல் உங்கள் மெக்கானிக்கையும் கூட்டிப் போங்கள். கம்பளத்தைத் தூக்கி, சக்கர மேட்டோரம் துரு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டயரில் அளவுக்குப் பின்னால் 'சி' என்ற எழுத்து இருக்க வேண்டும், அதுதான் சுமை டயர். கார் டயர் மாட்டியிருந்தால் நான்கையும் மாற்றுகிற செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள். இவ்வளவு பழைய வண்டிக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைக்காது, எனவே முழுத் தொகையையும் வண்டிக்கே கொடுத்துவிடாமல் 3,000 வெள்ளியாவது பட்டறைக்கு ஒதுக்குங்கள்.

முடிந்தால் மழை பெய்யும் நாளில் போய்ப் பாருங்கள். பின்கதவு ரப்பர் ஒழுகுகிறதா என்பது அன்றைக்குத்தான் தெரியும், ஆம்ப்ளிஃபயர் வைக்கப்போகிற இடம் அதுதான்.