கடலடி நிலக்கரிக்கும் எரிவாயுவுக்கும் எதிர்காலம் உண்டா?

கடலுக்கடியில் இவ்வளவு நிலக்கரியும் எரிவாயுவும் கிடக்கும்போது, எரிசக்திக் கொள்கை வகுப்பவர்கள் ஏன் அதை நம்பத் தயங்குகிறார்கள் என்பது கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது.

நிலக்கரியை முதலில் முடித்துவிடலாம். வடகடலுக்கு அடியே நீண்டிருந்த பிரிட்டனின் எல்லிங்டன் சுரங்கம் 2005இல் மூடப்பட்டது. ஜப்பானின் இகேஷிமா சுரங்கம் 2001இலேயே. கரையிலிருந்து தள்ளிப் போகப் போக காற்றோட்டம், தண்ணீர் இறைப்பு, ஆட்கள் போய்ச்சேரும் நேரம் என்று எல்லாமே செலவு. சரி, வெட்டாமல் அங்கேயே அரைகுறையாக எரித்து, ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கலந்த வாயுவாக மேலே கொண்டுவரலாமே என்றார்கள். ஸ்காட்லாந்து அரசு 2016இல் இந்த முறையை ஆதரிக்க மறுத்தது. சரியான முடிவு என்பேன். கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் எரியும் நெருப்பைக் கட்டுப்படுத்துவது லேசான வேலை இல்லை.

எரிவாயு விஷயம் வேறு. 2022இல் ரஷ்யக் குழாய்வழி வரத்து சரிந்தபோது ஐரோப்பாவைத் தாங்கியதில் நார்வேயின் கடலடி எரிவாயு வயல்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அதே வடகடலில் டென்மார்க், 2050க்குள் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை முடிப்பதாக 2020இல் அறிவித்தது. இருக்கும் வயல்களை மீத்தேன் கசியாமல் பராமரித்து, வற்றும்வரை பயன்படுத்தலாம் என்பதே என் நிலை. புதிய வயல் உற்பத்திக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். இன்றைய விலையேற்றத்துக்கு அது மருந்தாகாது.

அப்புறம், நார்வேயின் ஸ்லைப்னர் வயலில் 1996 முதல் கார்பன் டை ஆக்சைடைக் காற்றில் கலக்கவிடாமல் கடலடிப் பாறைக்குள் செலுத்தி வருகிறார்கள். துளையிடும் தொழிலாளர்களின் அனுபவத்தை இந்த வேலையின் பக்கம் திருப்பும் திட்டம் கொள்கையில் இப்போதே இடம்பெற வேண்டும்.