கேள்வி – பதில்: குளக்கட்டில் பழகி மலைக்குப் போகலாமா?

கேள்வி: நக்கிள்ஸ் மலைப்பக்கம் வழிகாட்டியோடு நாலு நாள் சைக்கிள் பயணத்தில் சேர்ந்திருக்கிறேன். சாமான்களைச் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு கிரவல் பாதையில் ஓட வேண்டும். வன்னியில் ஏற்றமே இல்லையே, எப்படிப் பழகுவது?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: ஏற்றம் இல்லாவிட்டால் என்ன, சோளகக் காற்று இருக்கிறதே! இரணைமடுக் குளக்கட்டில் எதிர்காற்றுக்கு, முழுச் சுமையோடு ஒரு மணித்தியாலம் நிறுத்தாமல் மிதியுங்கள். வெறும் சைக்கிளில் பழகுவது வீண்.

சுமை 10 கிலோவுக்குள் நிற்கட்டும். பாரமானவை சட்டத்தின் நடுவில். ஹாண்டிலில் 3 கிலோவுக்கு மேல் கட்டினால் இறக்கத்தில் முன்சில்லு சொல்வழி கேளாது. மிதிக்கும் முன் பற்சக்கரத்தில் 32 பல் என்றால் பின்னுக்கு மிகப் பெரிய பற்சக்கரத்தில் 46 பல்லாவது வேண்டும், இல்லையேல் உருட்டிக்கொண்டுதான் ஏறுவீர்கள். ரயர் 2.2 அங்குலம். ரியூப் போட்டதென்றால் 70 கிலோ ஆளுக்குக் காற்றழுத்தம் 28–30 பிஎஸ்ஐ. காற்று அதிலும் குறைந்தால் கல்லில் இடிபடும்போது ரிம் நசித்து, பாம்பு கொத்தினாற்போல் ரியூபில் இரண்டு ஓட்டை விழும்.

பலர் மறப்பது ஹாங்கரை. பின் கியரைச் சட்டத்தோடு பிணைக்கும் விரலளவு அலுமினியத் துண்டு அது. சைக்கிள் வலப்பக்கம் சரிந்தால் முதலில் வளையும். கவனியாமல் மிதித்தால் கியர் சில்லுக் கம்பிக்குள் போய்விடும். சட்டத்துக்குச் சட்டம் வடிவம் வேறு, ஆகவே வழிகாட்டியின் பையில் உங்களுடையது இராது. இப்போதே கழற்றிக் கடையில் காட்டி இன்னொன்று வாங்குங்கள்.

டிஸ்க் பிரேக் பாட் இரண்டு சோடி. அட்டைக்கடிக்கு உப்பும் நீளக் காலுறையும்.