திரையை உயர்த்திய பிறகு கழுத்து வலி கூடியது ஏன்? – மருத்துவர் பதில்

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 46 வயது. மடிப்பாக்கத்தில் இருக்கிறோம். ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்காக வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் மாலை ஆறு வரை கம்ப்யூட்டர்தான். கண்ணாடி பதித்த சாப்பாட்டு மேஜைதான் என் அலுவலகம். கழுத்து வலிக்கிறது என்றதும் என் மகள் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, "திரையோட மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு இருக்கணும்மா" என்று மானிட்டருக்கு அடியில் தடித்த புத்தகங்களை வைத்து உயர்த்திக் கொடுத்தாள். வலி குறையவில்லை, கூடிவிட்டது. சில மாதங்களாக புரோகிரஸிவ் கண்ணாடி போடுகிறேன். மாலையானால் வலது கை சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. எக்ஸ்ரேயில் கழுத்தெலும்பு லேசான தேய்மானம் என்று வந்திருக்கிறது. காலர் போடலாமா? விலை உயர்ந்த நாற்காலி வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: உங்கள் மகள் சொன்னது தவறில்லை. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும் என்றுதான் நாங்களும் பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் புரோகிரஸிவ் கண்ணாடி போடுபவர்களுக்கு அந்த அளவு பல நேரம் ஒத்துவராது. உங்கள் வலி கூடியதற்கு அந்தக் கண்ணாடிதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

புரோகிரஸிவ் லென்ஸில் மேல் பகுதி தூரப் பார்வைக்கு, அடிப்பகுதி படிப்பதற்கு. கம்ப்யூட்டர் திரை இருக்கிற நடுத்தர தூரத்துக்கு நடுவில் ஒரு குறுகலான பட்டை மட்டுமே உண்டு. திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினால் லென்ஸின் மேல் பகுதி வழியாகப் பார்க்க வேண்டியிருக்கும், எழுத்து மங்கலாகத் தெரியும். உடனே நீங்கள் அறியாமலே மோவாயைத் தூக்கி, நடுப்பட்டை வழியாகப் பார்க்க ஆரம்பிப்பீர்கள். எட்டு மணி நேரம் தலை பின்னால் சாய்ந்தே இருந்தால் மண்டையின் அடியில் உள்ள சிறு தசைகள் இறுகிப்போகும், கழுத்தெலும்பின் பின்பக்க மூட்டுகளும் அழுந்தும். பின்கழுத்தில் வலிப்பது அதனால்தான்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். வேலையில் மூழ்கியிருக்கும்போது, சொல்லாமல் பக்கவாட்டில் நின்று ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள் மகளிடம். மோவாய் தூக்கியிருப்பது படத்தில் தெரிந்தால் காரணம் உறுதி. புத்தகங்களை எடுத்துவிடுங்கள். பிறகு கண்ணை மூடி, தலையை வசதியான நிலையில் நிறுத்திவிட்டுக் கண்ணைத் திறந்து பாருங்கள். தலையை அசைக்காமல் திரையின் முதல் வரியைத் தெளிவாகப் படிக்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் மானிட்டரை இன்னும் இறக்குங்கள், திரையின் மேல்பக்கத்தைக் கொஞ்சம் பின்னால் சாயுங்கள். கண் மட்டத்துக்கு நாலைந்து விரற்கடை கீழே போனாலும் பரவாயில்லை.

முழுநாள் திரை வேலை என்பதால், கம்ப்யூட்டருக்கென்று தனிக் கண்ணாடி ஒன்று போட்டுக்கொள்வது நல்லது. கடைக்குப் போகும் முன் கண்ணிலிருந்து திரை வரை டேப் வைத்து அளந்து, அந்த அளவைக் கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். கையை நீட்டினால் நடுவிரல் நுனி திரையைத் தொடுகிற தூரம் பெரும்பாலோருக்குச் சரியாக இருக்கும். ஏறத்தாழ 60, 65 செ.மீ. வரும்.

சரி, மேஜைக்கு வருவோம். எல்லாரும் திரையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நான் முழங்கையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜைகள் பெரும்பாலும் 75 செ.மீ. உயரம், நாற்காலி 45 செ.மீ. நீங்கள் 5 அடி 2 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அந்த நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கினால், அது தரையிலிருந்து சுமார் 67 செ.மீ. உயரத்தில் இருக்கும். மேஜையோ அதைவிட 8 செ.மீ. உயரம். அந்த 8 செ.மீ.யை நாள் முழுக்கத் தோளைத் தூக்கியே சமாளிக்கிறீர்கள். சாயங்காலம் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி இருக்கிறதா? அது இந்த உழைப்பின் விளைவு.

மேஜைக் காலை அறுக்க முடியாது. அதனால் உட்காரும் உயரத்தைக் கூட்டுங்கள். அழுத்தமான பஞ்சுத் திண்டு ஒன்றை நாற்காலியில் போட்டு, விசைப்பலகையில் கை வைக்கும்போது முழங்கை மேஜை மட்டத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். மெத்தென்ற தலையணை வேண்டாம், பத்து நிமிடத்தில் அமுங்கிவிடும். இப்போது கால் தரையில் எட்டாமல் தொங்கும். தொடையின் அடிப்பகுதி நாற்காலி விளிம்பில் அழுந்தி, கால் மரத்துப்போகும், வீக்கமும் வரும். வீட்டில் மணைப்பலகை இருந்தால் காலுக்கு அடியில் போடுங்கள், போதாவிட்டால் இரண்டாக அடுக்குங்கள், நழுவாமல் இருந்தால் போதும். முழங்கால் இடுப்பு மட்டத்துக்கு வந்துவிட்டால் அளவு சரி. கீழ்முதுகுக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். திரையைக் கடைசியாகத்தான் சரிசெய்ய வேண்டும், ஏனென்றால் இருக்கை உயர்ந்தால் கண்ணும் உயர்ந்துவிடும்.

இவ்வளவும் செய்த பிறகு நாற்காலி வாங்குவதா என்று யோசியுங்கள். உயரம் ஏற்றி இறக்கவும், கீழ்முதுகைத் தாங்கவும் வசதி இருந்தால் போதும். விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். லேப்டாப்பில் வேலை செய்யும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. லேப்டாப்பில் திரையும் விசைப்பலகையும் ஒன்றாக இருப்பதால், ஒன்று சரியான உயரத்துக்கு வந்தால் மற்றது கெட்டுவிடும். தனி கீபோர்டும் மவுஸும் வாங்கி, லேப்டாப்பை ஏறக்குறைய ஒரு சாண் உயர்த்தி வைப்பது ஒன்றே வழி. ரிச்சி தெருவில் ஆயிரம் ரூபாய்க்குள் இரண்டும் கிடைக்கும். வலிக்கிற கழுத்தோடு மாதக்கணக்கில் தவிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

விரல் மரத்துப்போவதற்கு வருகிறேன். சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் ஒரு பாதிக்கும் போகிற அல்நார் நரம்பு, முழங்கையின் உள்பக்கத்தில் தோலுக்குச் சற்றே கீழே ஓடுகிறது. இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்தது போல இருக்குமே, அதே நரம்புதான். கண்ணாடி மேஜையின் விளிம்பில் முழங்கையை ஊன்றி மவுஸ் பிடிப்பவர்களுக்கு அது அழுந்தும். விளிம்பில் ஒரு தடித்த துண்டை மடித்துப் போடுங்கள், மவுஸைக் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே வையுங்கள், போனைக் காதில் பிடித்தபடி நெடுநேரம் முழங்கையை மடக்கி வைக்காதீர்கள். கழுத்தில் நரம்பு அழுந்தினாலும் இதே விரல்கள் மரத்துப்போகலாம் என்பதால், இரண்டு மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால் நேரில் காட்ட வேண்டும். இந்த வயதில் சர்க்கரை, தைராய்டு, பி12 மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எக்ஸ்ரேயைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நாற்பதைத் தாண்டிய, வலியே இல்லாத பலரின் கழுத்தைப் படம் எடுத்தாலும் இதே 'லேசான தேய்மானம்' வரும். காலர் வேண்டாம், நாள்கணக்கில் போட்டால் கழுத்துத் தசைகள் பலமிழக்கும். யாராவது சுளுக்கு எடுக்கிறேன் என்று கழுத்தைச் சடக்கென்று திருப்ப வந்தால் தயவுசெய்து விடாதீர்கள். கழுத்தில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் உண்டு. வலி மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி வாரக்கணக்கில் விழுங்குவதும் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல். இரவில் வெந்நீர்ப் பை பதினைந்து நிமிடம் வையுங்கள், இதம் கிடைக்கும்.

எவ்வளவு சரியாக உட்கார்ந்தாலும், ஒரே நிலையில் மணிக்கணக்காக இருந்தால் உடம்பு தாங்காது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து பால்கனி வரை போய் வாருங்கள். அப்புறம், மோவாயை நேராகப் பின்னுக்கு இழுத்து ஐந்து எண்ணி விடுவது, தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்துப் பிடித்து விடுவது, இரண்டையும் பத்துப் பத்து தடவை, காலை மாலை. வேலை முடிந்து சோபாவில் சாய்ந்து செல்போன் பார்ப்பதையும் கவனியுங்கள். தலையை 60 டிகிரி குனிந்தால் கழுத்துக்கு ஏறும் சுமை சுமார் 27 கிலோ என்று அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் ஒரு கணினி மாதிரியை வைத்துக் கணக்கிட்டார். நேராக இருக்கும்போது அது ஐந்து கிலோ அளவுதான்.

திரை பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடும். கோடையில் ஏசி காற்று நேரே முகத்தில் பட்டால் கண் வறண்டு எரியும், தலைவலியும் சேரும். இருக்கையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். ஜன்னல், மானிட்டருக்குப் பின்னாலோ உங்களுக்குப் பின்னாலோ இல்லாமல் பக்கவாட்டில் இருக்கட்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள்.

இந்த மாற்றங்களைச் செய்து நாலு வாரம் பாருங்கள். குறையாவிட்டால் பிசியோதெரபி தேவைப்படும். தனியாரிடம் செலவழிக்க இயலாதவர்களுக்கு சென்ட்ரல் எதிரில் உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் அந்தச் சிகிச்சை உண்டு. ஆனால் கையில் பிடித்த பொருள் நழுவுவது, பொத்தான் போடத் தடுமாறுவது, நடையில் தள்ளாட்டம், சிறுநீர் மலம் அடக்க முடியாமை, காய்ச்சலோடு கழுத்து வலி, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி இவற்றில் ஏதாவது இருந்தால் நாலு வாரம் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். கழுத்து, தாடை அல்லது கை வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் அது மேஜை உயரத்தால் வந்ததல்ல, உடனே 108க்கு அழையுங்கள்.